சந்தைக்கு வழி கேட்ட தோழர்

பிறந்த ஊரில் பெரும் வணிகராய் வாழ்ந்த ஒருவர், ஒரு நாள் வெறுங்கையோடு அயலூரில் வந்து நின்றார். தங்குவதற்கு வீடு கிடைத்தது. பசிக்கு உணவு கிடைத்தது. இடமளித்த வீட்டுக்காரரோ தம் உடைமையில் சரிபாதியையே தர முன்வந்தார். வந்தவர் அந்தப் பாதியை ஏற்கவில்லை. கடைவீதிக்குச் செல்லும் பாதையை மட்டுமே கேட்டார். அன்பு வாசகர்களே! அவர்தாம் சுவர்க்க நன்மாராயம் பெற்ற பதின்மருள் ஒருவரான ஹஸ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள்.

அவர்களுடைய செல்வத்தையும் கொடையையும் குறித்து நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆனால், அச்செல்வம் தொடங்கிய முதல் சில நாட்களைப் பற்றி நாம் போதுமான அளவு சிந்திப்பதில்லை. இன்று நம் பகுதியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதே நிலையில் நிற்கின்றன. ஆகவே, அந்த நாட்களைச் சற்று நிதானமாக நோக்குவோம்.

செங்கற்பட்டு மாவட்டத்தில் பெரும்பாக்கம் என்னும் ஊரில் வானளாவ எழுந்து நிற்கும் குடியிருப்புகளை நீங்கள் கண்டிருக்கக் கூடும். 1970-ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டு, 2021-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய குடிசை மாற்று வாரியம் கட்டிய வீடுகள் அவை. ஏறத்தாழ 20,000 வீடுகள் அங்கே உள்ளன. கூவம், அடையாறு ஆகிய ஆறுகளின் கரைகளில் குடிசையிட்டு வாழ்ந்த மக்கள், குறிப்பாக 2015-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின்னர், அங்கே குடியமர்த்தப்பட்டனர். அதற்கு முன்னரே, 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரிலும், பின்னர் செம்மஞ்சேரியிலும் இவ்வாறே குடியேற்றம் நடந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் வீடிழந்த சென்னைக் கடற்கரைக் குடும்பங்கள் பலவும் செம்மஞ்சேரிக்கு வந்து சேர்ந்தன.

வீடு கிடைத்தது; கூரை ஒழுகவில்லை; வெள்ளம் வந்து பாத்திரங்களை அடித்துச் செல்லவில்லை. ஆனால் பிழைப்பு பழைய இடத்திலேயே நின்று விட்டது. நகரத்தின் நடுவே நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கி வந்த பெண்ணுக்கும், அங்காடியில் மூட்டை சுமந்து வந்த ஆணுக்கும் இப்போது இருபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு குறுக்கே நிற்கிறது. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021-ஆம் ஆண்டு முதல் கட்டணமில்லை என்பது பெரும் உதவிதான். எனினும், விடியலில் கிளம்பி இருட்டிய பின் திரும்பும் தாய்க்கு அந்த நேரத்தை யார் திருப்பித் தருவார்? வேலை அற்றுப்போன வீட்டின் கதவை அடுத்து வந்து தட்டுவது வட்டிக் கடன்காரர்களே.

இத்தகையோருக்கு நாம் என்ன செய்ய வேண்டும்? மதீனாவைப் பார்ப்போம்.

ஹஸ்ரத் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் குறைஷிக் குலத்தின் ஸுஹ்ரா கிளையில், யானை ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குப் பின்னர் பிறந்தார்கள். இஸ்லாத்தை ஏற்பதற்கு முன் அவர்களுக்கு வேறு பெயர் இருந்தது. அருளாளனின் அடியார் என்னும் பொருள்பட அப்துர் ரஹ்மான் என்று பெயர் சூட்டியவர்கள் எம்பெருமானார் (ஸல்) அவர்களே. ஹஸ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்களின் அழைப்பால் மிகத் தொடக்கத்திலேயே இஸ்லாத்தைத் தழுவிய சிலருள் அவர்களும் ஒருவர். மக்கத்து எதிரிகளின் கொடுமை எல்லை மீறியபோது முதலில் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்தார்கள். பின்னர், கி.பி. 622-ஆம் ஆண்டில், ஏறத்தாழ நாற்பது வயதைக் கடந்த நிலையில், மதீனாவுக்கு வந்து சேர்ந்தார்கள். நாற்பது வயதில் எல்லாவற்றையும் இழந்து மீண்டும் தொடங்குவது எத்துணைக் கடினம் என்பதைக் குடும்பம் நடத்தும் நீங்கள் அறிவீர்கள்.

மதீனா அன்று செல்வச் செழிப்புள்ள நகரமன்று. பேரீச்சந் தோட்டங்களை நம்பி வாழ்ந்த உழவர்களின் ஊர் அது. அங்கே வந்து குவிந்த முஹாஜிர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு தனிச் சேரியில் ஒதுக்கி வைக்கவில்லை. மக்காவிலிருந்து வந்த ஒருவரையும் மதீனாவாசி ஒருவரையும் இணைத்துச் சகோதரர்களாக்கினார்கள். வீடற்றோரும் குடும்பமற்றோரும் பள்ளிவாசலின் திண்ணையில் தங்கினர். ஹஸ்ரத் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக வாய்த்தவர்கள் கஸ்ரஜ் குலத்துப் பெரியார் ஹஸ்ரத் ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள்.

ஸஅது (ரலி) அவர்கள் தாம் அன்ஸார்களில் செல்வம் மிக்கவர் என்பதைச் சொல்லி, தம் உடைமை அனைத்தையும் இரு கூறாக்கி ஒரு கூற்றைத் தம் புதிய சகோதரருக்குத் தர முன்வந்தார்கள். வாய்ச்சொல்லுக்காகச் சொன்ன உபசாரமன்று அது. மனம் கனிந்து கூறியது. அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களோ அவருடைய பொருளிலும் குடும்பத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் என்று துஆச் செய்துவிட்டு, வாணிபம் நடக்கும் சந்தை எங்கே என்று கேட்டார்கள். கைனுகா குலத்தாரின் சந்தை காட்டப்பட்டது. அன்று மாலையே சிறிது பாலாடைக்கட்டியும் நெய்யும் இலாபமாகக் கொண்டு வீடு திரும்பினார்கள். மறுநாளும் சென்றார்கள். அதற்கடுத்த நாளும் சென்றார்கள்.

சில நாட்கள் சென்றன. ஒருநாள் அவர்களுடைய ஆடையில் மணப்பொருளின் மஞ்சள் கறை இருப்பதைக் கண்ட அண்ணலார் (ஸல்) அவர்கள் காரணம் வினவினார்கள். அன்ஸாரிப் பெண்மணி ஒருவரை மணமுடித்திருப்பதாகவும், ஒரு பேரீச்சங்கொட்டை எடையுள்ள பொன்னை மஹராகக் கொடுத்ததாகவும் அவர்கள் தெரிவித்தார்கள். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா விருந்து கொடுக்குமாறு அண்ணலார் பணித்தார்கள். வெறுங்கையோடு வந்தவர், மஹர் கொடுக்கும் நிலைக்கும் விருந்தளிக்கும் நிலைக்கும் உயர்ந்து விட்டார்!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸஅது (ரலி) அவர்கள் தர முன்வந்தது வீணாகி விட்டதா? இல்லை. இரவில் தலை சாய்க்க ஓர் இடம் இருந்தமையால்தான் பகலில் சந்தையில் துணிந்து நிற்க முடிந்தது. விழுந்தால் தாங்கிக்கொள்ள ஒரு கரம் இருந்தமையால்தான் அந்தத் துணிவு பிறந்தது. அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களுக்குத் தொழில் தெரிந்திருந்தது. இருக்க இடம் இருந்தது. எட்டிச் செல்லும் தூரத்தில் சந்தை இருந்தது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் முடங்கிப் போகும். பெரும்பாக்கத்துக் குடும்பங்களுக்கு வீடு என்னும் ஒன்று கிடைத்திருக்கிறது. பலருக்குத் தொழிலும் தெரியும். இல்லாதது சந்தை.

மதீனாவில் பெருமானார் (ஸல்) அவர்கள் முஸ்லிம்களுக்கெனத் தனிச் சந்தையொன்றை அமைத்தார்கள். அதில் எவருக்கும் நிலையான இடவுரிமை கிடையாது. முன்னால் வந்தவர் அமர்ந்து விற்கலாம். வரியோ வாடகையோ வாங்கலாகாது என்று ஆணையிட்டார்கள். முதலில்லாத ஏழையும் ஒரு கூடைப் பொருளைக் கொண்டுவந்து விற்பதற்கு அது வழி திறந்தது.

எல்லாருமே வணிகம் கற்றவர்களா என்று நீங்கள் கேட்கலாம். தக்க வினாவே! அண்ணலாரிடம் உதவி கேட்டு வந்த அன்ஸாரி ஒருவரின் வரலாறு அதற்கு விடை தரும். அவரது வீட்டில் போர்த்தவும் விரிக்கவும் ஒரே துணியும், நீர் அருந்த ஒரு கிண்ணமும் தவிர வேறொன்றும் இல்லை. அவ்விரண்டையும் கொண்டுவரச் செய்து, சபையிலே ஏலமிட்டு இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவு. மற்றொரு திர்ஹத்துக்குக் கோடரி. அக்கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு பொருத்திக் கொடுத்தார்கள். பதினைந்து நாட்கள் தம் முன் வராமல் விறகு வெட்டி விற்குமாறு பணித்தார்கள். பதினைந்து நாள் கழித்துப் பத்துத் திர்ஹத்துடன் வந்தார் அவர்.

இதன் ஒழுங்கைப் பாருங்கள். முதலில் வீட்டாரின் பசி தீர்க்கப்பட்டது. பசித்த பிள்ளைகளை விட்டுவிட்டு எவரும் தொழில் தொடங்க முடியாது. பிறகு கருவி தரப்பட்டது. அதுவும் பயன்படுத்தும் நிலையில் தரப்பட்டது. பிறகு கால வரையறை வைக்கப்பட்டது. இறுதியில் கணக்குப் பார்க்கப்பட்டது. நாம் ரமளானில் ஒரு சேலையையும் சில ரூபாய்த் தாள்களையும் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த ரமளானில் அதே முகத்தை அதே வரிசையில் காண்கிறோமே, அது எதனால் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி, பாதியைக் கொடுக்க முன்வந்த ஸஅது (ரலி) அவர்களின் குடும்பம் என்ன ஆயிற்று? கி.பி. 625-ஆம் ஆண்டு உஹதுப் போரில் அவர்கள் ஷஹீதானார்கள். மனைவியும் இரண்டு பெண்மக்களும் எஞ்சினர். அன்றைய வழக்கப்படி, இறந்தவரின் சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். கொடையாளியின் வீடே ஏழை வீடாயிற்று! அந்த விதவைத் தாய் தம் பெண்மக்களுடன் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். அதையொட்டி வாரிசுரிமை பற்றிய திருவசனம் அருளப் பெற்றது. பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரு பங்கும், மனைவிக்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்த பின் எஞ்சியதே சகோதரருக்கு என்று தீர்ப்பாயிற்று. ஒரு குடும்பம் தன் காலில் நிற்க வேண்டுமானால், உழைப்பு மட்டும் போதாது, உரிமையும் வேண்டும். பெண்களின் பெயரில் பத்திரமும் கணக்கும் இல்லாத வீடு, ஒரு மரணத்தில் சரிந்து விடும்.

அன்ஸார்கள் தம் பேரீச்ச மரங்களையும் முஹாஜிர்களுக்குப் பங்கிட விரும்பினர். நிலம் பங்கிடப்படவில்லை; முஹாஜிர்கள் தோட்டங்களில் உழைத்து விளைச்சலில் பங்கு பெறும் ஏற்பாடு செய்யப்பட்டது. சில மரங்கள் கனிகளை உண்ணுவதற்காக அன்பளிப்பாகவும் தரப்பட்டன. கைபர் வெற்றிக்குப் பின் முஹாஜிர்களின் நிலை உயர்ந்தபோது, அந்த மரங்களை அன்ஸார்களிடமே திருப்பி ஒப்படைத்தார்கள். உலக வரலாற்றில் உதவி பெற்றவர்கள் தம் தேவை தீர்ந்ததும் தாமாகத் திருப்பிக் கொடுத்த அரிய நிகழ்ச்சி இது.

ஆனால் அதிலும் ஒரு தயக்கம் நேர்ந்தது. அண்ணலாரைக் குழந்தைப் பருவத்தில் வளர்த்த அன்னை உம்மு ஐமன் (ரலி) அவர்களிடம் ஹஸ்ரத் அனஸ் (ரலி) அவர்களின் குடும்பத்து மரங்கள் இருந்தன. அவற்றைத் திரும்பக் கேட்டபோது முதிய அன்னையார் தர மறுத்தார்கள். அனஸின் கழுத்தில் துணியைப் போட்டுப் பிடித்துக்கொண்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. ஈடாக இவ்வளவு தருவேன், இன்னும் இவ்வளவு தருவேன் என்று கூட்டிக்கொண்டே போய், ஏறத்தாழப் பத்து மடங்கு கொடுத்து அன்னையின் அச்சத்தைப் போக்கினார்கள். நீண்ட நாள் வறுமையில் உழன்றவர்களுக்கு, கையிலுள்ள உதவி நழுவிப் போகுமோ என்ற பயம் இயல்பானது. அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசுவது சுன்னத்தன்று. அச்சம் தீரும்வரை பொறுத்திருந்து தாங்குவதே சுன்னத்.

மீண்டும் ஹஸ்ரத் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் வாழ்வுக்கு வருவோம். பத்ரில் போரிட்டார்கள். உஹதில் பல காயங்கள் பட்டு, காலில் ஏற்பட்ட ஊனம் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. தபூக் பயணத்தில் ஒரு வைகறைத் தொழுகைக்கு அவர்கள் இமாமாக நிற்க, அண்ணலார் (ஸல்) அவர்களே பின்னால் நின்று தொழுத பெரும்பேறும் அவர்களுக்குக் கிட்டியது. வாணிபமோ நாளுக்கு நாள் வளர்ந்தது. அவர்களுடைய வாணிப முறையை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எடுத்துக்காட்டியுள்ளார்கள். ஒருமுறை ஆயிரம் ஒட்டகங்களை வாங்கிய விலைக்கே விற்றார்களாம்! கிடைத்தது அவற்றைக் கட்டிய கயிறுகள் மட்டுமே. கயிறு ஒன்றுக்கு ஒரு திர்ஹமாக ஆயிரம் திர்ஹம் வந்தது. அன்றைய தீனிச் செலவு ஆயிரம் திர்ஹம் மிச்சமானது. சிறிய இலாபத்தை இகழாமை, சரக்கைத் தேக்கி வைக்காமை ஆகிய இரண்டுமே அவர்களின் மூலதனமாயின. மாமல்லபுரத்துக் கடற்கரையில் சிறுகடை வைத்திருக்கும் ஒருவருக்கும் இப்பாடம் பொருந்தும்.

சேர்த்த பொருள் அவர்களிடம் தேங்கவில்லை. தமது நிலமொன்றை நாற்பதாயிரம் தீனாருக்கு விற்று, அத்தொகையைத் தம் குலத்து ஏழைகளுக்கும் முஹாஜிர்களுக்கும் நபியின் துணைவியருக்கும் பங்கிட்டதாக வரலாற்று நூல்கள் இயம்புகின்றன. ஒருநாள் நோன்பு துறக்க உணவு வைக்கப்பட்டபோது, உஹதில் ஷஹீதான முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களுக்குக் கஃபனிடத் துணி போதாமல், தலையை மூடினால் காலும் காலை மூடினால் தலையும் தெரிந்த காட்சியை நினைவுகூர்ந்து அழுதார்கள், உணவையும் விட்டுவிட்டார்கள். தம் நற்செயல்களுக்குரிய கூலி இவ்வுலகிலேயே தீர்ந்து விட்டதோ என்று அஞ்சினார்கள். வறுமையிலிருந்து மீண்டவர் வறுமையை மறவாதிருந்த மாண்பு இது.

கி.பி. 644-ஆம் ஆண்டு, ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் மரணப் படுக்கையில் கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க அறுவரை நியமித்தபோது, அவர்களுள் இருந்த அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் தம் உரிமையைத் தாமே விட்டுக் கொடுத்து, மதீனா மக்களைக் கலந்து கேட்டு, ஹஸ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களுக்கு பைஅத் செய்தார்கள். ஹிஜ்ரி 32-ஆம் ஆண்டு வாக்கில் மறைந்து, ஜன்னத்துல் பகீயில் அடக்கமானார்கள். அப்போது உயிரோடிருந்த பத்ருத் தோழர் ஒவ்வொருவருக்கும் நானூறு தீனார் கொடுக்குமாறு மரண சாஸனம் செய்திருந்தார்களாம்.

அன்பர்களே! இவ்வரலாற்றைக் கேட்டு மெய்சிலிர்ப்பதோடு நம் கடமை முடிந்து விடுவதில்லை. ஜகாத்தைக் குறித்து ஷாஃபியீ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், தொழில் தெரிந்த ஏழைக்கு அத்தொழிலின் கருவிகளை வாங்கும் அளவும், வணிகம் தெரிந்தவருக்கு அவ்வணிகத்துக்குரிய முதலும் கொடுக்கலாம் என்ற சட்டத்தை எடுத்துரைக்கிறார்கள். காய்கறி விற்பவருக்கு வேறு அளவு, நகை வணிகருக்கு வேறு அளவு என்று விவரித்தும் இருக்கிறார்கள். ஏழு நூற்றாண்டுகளுக்கு மேலாக நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் சட்டம் நம் மஹல்லாக்களில் நடைமுறைக்கு வராதிருப்பது வியப்பன்றோ!

செங்கற்பட்டு, கேளம்பாக்கம், கோவளம், மாமல்லபுரம் வட்டாரத்துப் பள்ளிவாசல் நிர்வாகிகள் மனம் வைத்தால் ஆகக்கூடியவை பல. முதலாவது, புதிய குடியிருப்புகளுக்கு வந்துள்ள குடும்பங்களை வீடு வீடாகச் சென்று அறிய வேண்டும்; பெயரைக் குறித்துக் கொள்வதோடு நில்லாமல், தெரிந்த தொழில் என்ன, இருக்கும் கடன் எவ்வளவு என்பதையும் கேட்டறிய வேண்டும். இரண்டாவது, வட்டிக் கடனில் மூழ்கியவரை முதலில் கரையேற்ற வேண்டும். கடன்பட்டோர் ஜகாத் பெறும் எட்டு வகையினருள் அடங்குவர் என்பதை நீங்கள் அறிவீர்கள். மூன்றாவது, பைத்துல்மாலிலிருந்து தையல் இயந்திரமோ, தள்ளுவண்டியோ, இட்டிலிப் பாத்திரமோ வாங்கித் தரவும், வட்டியில்லா அழகிய கடன் தரவும் ஏற்பாடு வேண்டும். நான்காவது, எல்லாவற்றினும் முக்கியமாக, சந்தையைக் காட்ட வேண்டும். உங்கள் கடைக்கு வேண்டிய பைகளை அங்குள்ள பெண்களிடம் தைக்கக் கொடுங்கள். உங்கள் வீட்டுத் திருமணத்தின் சமையலுக்கு அங்குள்ளவர்களை அழையுங்கள். ஜும்ஆ நாளில் பள்ளியின் வெளிப்புறத்தில் அவர்கள் பொருள் விற்க இடம் கொடுங்கள், வாடகை கேளாதீர்கள்.

ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ அக்குடும்பத்தைத் திரும்பவும் சென்று காணுங்கள். நிமிர்ந்து விட்டால், அவர்கள் திருப்பித் தரும் தொகை அடுத்த வீட்டின் கோடரியாகட்டும். நிமிரவில்லையென்றால், உம்மு ஐமன் அன்னையை நினைத்துக் கொண்டு, இன்னும் சற்றுக் கூட்டிக் கொடுங்கள்.

கோவளத்தில் கடலோரம் அடங்கியிருப்பதாக மக்கள் போற்றும் பெரியாரின் பெயரோடு அன்ஸாரி என்னும் சொல் இணைந்திருக்கிறது. உதவியாளர் என்பது அச்சொல்லின் பொருள். அந்தப் பெயரைத் தினமும் உச்சரிக்கும் இக்கரையில், இடம் பெயர்ந்து வந்தவர்களுக்கு உதவியாளர் இல்லை என்ற நிலை இருக்கலாகாது. இந்த வாரமே ஒரு குடும்பத்தின் கதவைத் தட்டி, அவர்களுக்குத் தெரிந்த தொழிலைக் கேட்டு வாருங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.